எச்சில் இலை பார்த்த மேனேஜர்

கல்யாண மண்டபத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அப்போ தினமும் விருந்துதான்" என்பார்கள். "எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீங்க!" என்பார்கள். உண்மையைச் சொன்னால் நான் கல்யாணம் பார்த்ததே அபூர்வம். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் நேரத்தில் நான் பின்கட்டில் டம்ளர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். பெண் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று வீட்டில் கேட்டால் விழிப்பேன். போளியைப் பாதியில் வைத்தவர்கள் அதிகமா, பாயசத்தைப் பாதியில் வைத்தவர்கள் அதிகமா என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவேன்.

இப்போது எங்கள் மண்டபத்து வாசலில் கார்ப்பரேஷன் பலகை ஒன்று தொங்குகிறது. பேப்பர் கப் கூடாது, பாட்டில் தண்ணீர் கூடாது, தெர்மாகோல் தட்டு கூடாது, மீறினால் அபராதம். நல்லதுதான். ஆனால் பலகைக்குக் கீழேயே பேப்பர் கப் கிடக்கிறது. புதிதாக வந்திருக்கும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அண்ணாச்சி, சட்டம் வந்தபிறகும் எங்களால முழுசா முடியல்லே. சட்டம் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் செய்தீங்க? ஒண்ணு எழுதித் தரணும்" என்றார். செய்தது நான் இல்லை. செய்தவர் நிர்மலா மேடம். நான் கூட நின்றவன். ஆகவே இதை என் கதையாகப் படிக்க வேண்டாம்.

என் பெயர் சிதம்பரம். அப்பா காலத்திலேயே நாகர்கோவில் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து கோட்டைப் பகுதியில் குடியேறிய குடும்பம். பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த என்னை, பாத்திரம் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக எங்கள் சமூகத்து மண்டபத்தில் ஸ்டோர் பொறுப்பில் போட்டார்கள். வார்ப்பு என்கிற பெரிய வெண்கலப் பாத்திரத்தை எத்தனை ஆள் தூக்க வேண்டும், எந்த அண்டாவில் புளி படக்கூடாது, சமையல்காரர் கேட்பதில் எது தேவை, எது பந்தா என்பதையெல்லாம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டேன். பிறகு பேப்பர் கப்பும் பாட்டில் தண்ணீரும் வந்தன. கழுவுகிற வேலை மிச்சம் என்று மண்டபமே கொண்டாடியது. கொண்டாட்டம் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் மலையாகக் குவிந்தது. நகரத்துக் குப்பையை எங்கே கொட்டுவது என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மதிலுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் ஒரு முகூர்த்த நாளில் எங்கள் இலைகளையும் கப்புகளையும் அள்ளிக்கொண்டு வந்து வாசல் கோலத்தின் மேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கமிட்டிக்காரர்களுக்கு, படித்த, நிர்வாகம் தெரிந்த ஒரு மேனேஜர் வேண்டும் என்று புத்தி வந்தது.

நிர்மலா மேடம் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கான்டீன் நிர்வாகம் பார்த்தவர். "கல்யாண மண்டபத்துக்கு ஆஸ்பத்திரிக்காரியா? விளங்கினாப்பலதான்" என்று ஒரு கமிட்டி மெம்பர் என் காதுபடவே சொன்னார். மேடத்தின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் வந்தவர் ஸ்டோர் சாவி கேட்கவில்லை, அலுவலக அறைக்குள் போகவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். முதல் பந்தி அப்போதுதான் எழுந்திருந்தது. இலை எடுக்கிறவர்கள் கூடையோடு தயாராக நின்றார்கள். "ஒருத்தரும் எடுக்காண்டாம். கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எச்சில் இலை வரிசையில் நடக்க ஆரம்பித்தார். மடக்கிய இலைகளைக் குச்சியால் விரித்து விரித்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாதகம் பார்க்கிற மாதிரி இலை பார்க்கிறவரை நான் அதுவரை கண்டதில்லை.

"அண்ணாச்சி, சோறு பாதிப் பாதியா இருக்கு. அவியல் அப்படியே இருக்கு. ஏன்?" என்று கேட்டார்.

"ஆசைதான் மேடம். கண்ணுக்கு வேணும், வயித்துக்கு வேண்டாம்" என்றேன்.

"ஆசையில்ல அண்ணாச்சி. பேடி."

பேடி என்றால் மலையாளத்தில் பயம். எங்கள் ஊர்த் தமிழில் இப்படிப் பாதிக்குப் பாதி கலந்துதான் கிடக்கும்.

"பரிமாறற ஆளு இன்னொரு தவணை வருவானோ மாட்டானோன்னு பேடி. அதனால வரும்போதே கூடுதலா வாங்கி வச்சிடறாங்க. கண்டிப்பா திரும்ப வருவான்னு தெரிஞ்சா யாரு வாங்கப் போறா?"

இதைக் கேட்டு நான் வாயடைத்துப்போனேன் என்று சொன்னால் அது பொய். படித்தவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த கல்யாணத்தில் அவர் செய்து காட்டியபோதுதான் விஷயம் உறைத்தது. ஒரே ஆள் நீள வரிசை முழுக்கச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நிறுத்தினார். வரிசையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஆள் போட்டார். முதல் தவணை எல்லாமே அரைக் கரண்டி. ஆனால் சாப்பிடுகிறவர் தலையை நிமிர்த்தி ஆளைத் தேடுவதற்குள் பரிமாறுகிறவர் அவர் எதிரே நிற்க வேண்டும். "தேட விட்டா நீ தோத்தே" என்பார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் அரைக் கரண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, பிச்சை போடறீங்களா?" என்று எகிறினார். மேடம் குரலை உயர்த்தவில்லை. "பந்தி எழுந்த பிறகு ஒரு தடவை வாங்க சார்" என்றார். வந்தார். இலைகள் எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரிக் கிடந்தன. கறிவேப்பிலையும் மிளகாயும்தான் பாக்கி. எங்கள் சமையல் பிரமாதம் என்று எடுத்துக்கொண்டு தாய்மாமன் சந்தோஷமாகப் போய்விட்டார். மேடமும் அப்படியே விட்டுவிட்டார்.

அவருடைய வழக்கங்கள் வேடிக்கையாக இருக்கும். கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். அதுவும் அடுக்களைக் கதவை ஒட்டிய கோடி இலையில். பரிமாறுகிறவன் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத இடம் அது. அந்த இலைக்கு ரசம் சூடாக வந்தால் எல்லா இலைக்கும் சூடாக வந்திருக்கும் என்பது அவர் கணக்கு. பந்தி நடக்கும்போது அவரைத் தேடினால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தூண் மறைவில் நிற்பார். சாப்பாட்டைப் பற்றி ஜனங்கள் வீட்டுக்காரரிடம் பொய் சொல்வார்கள், குழாயடியில்தான் நிஜத்தைப் பேசுவார்கள். பாத்திரம் கழுவுகிற பெண்களையும் பரிமாறுகிறவர்களையும் முதல் பந்திக்கு முன்னால் உட்கார வைத்து இட்லி போட்டுவிடுவார். பசியோடு நிற்கிறவன் கை அடுத்தவன் இலையில் நேராக விழாது என்பார்.

டம்ளர் விவகாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது என் இலாகா. பேப்பர் கப்பை ஒழித்துவிட்டு ஸ்டீல் டம்ளர் வைக்கலாம் என்றதும் கமிட்டியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: யார் வாய் வைத்ததோ என்று ஜனங்கள் அருவருப்பார்கள். மேடம் யோசித்துவிட்டு, கழுவுகிற இடத்தைப் பின்கட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டு முற்றத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். கொதிக்கும் வெந்நீர்த் தொட்டி, ஆவி பறக்க. கழுவிய டம்ளர்களை வெயிலில் கவிழ்த்த மரப்பலகை. சாப்பிட வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை. எடுத்தார்கள், குடித்தார்கள். எனக்கிருந்த கவலை வேறு. டம்ளர் திருட்டு. மண்டபத்தின் பெயரை ஆழமாக வெட்டி வைத்தேன். அப்படியும் எங்கள் டம்ளர்களில் சிலது மலையடிவாரத்து விதுரா வரைக்கும் போய்ச் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. ஒரு சொந்தக்காரர் வீட்டில் எனக்கே அதில் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்லமாட்டேன். தாம்பூலப் பை விஷயத்தில் தோற்றுப்போனார். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக அழகான துணிப் பை தைத்துக் கொடுக்க வைத்தார். விருந்தாளிகள் வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு, பையை நாற்காலியடியில் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் தேங்காயையும் சேர்த்தே விட்டுப் போனார்கள். கூட்டிக் குவித்த துணிப் பைகளுக்கு முன்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார். "துணியானாலும் வேண்டாதவங்க கையில குடுத்தா அதுவும் சவறுதான் அண்ணாச்சி" என்றார். சவறு என்றால் குப்பை. பிறகு வாசலில் ஒருவரை நிறுத்தி, "தேங்காய் வேணுமா?" என்று கேட்டுக் கேட்டுக் கையில் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்கள்.

சமையலிலும் ஒரு மாற்றம் செய்தார். எங்கள் பக்கத்தில் சமையல் தலைவரைத் தவசுப்பிள்ளை என்போம். வந்தவர் தொகை தெரியும் முன்பே விடியற்காலையில் மொத்த அரிசியையும் வடித்துக் குவிப்பது தவசுப்பிள்ளைகளின் வழக்கம். மேடம் அதை இரண்டு உலையாக்கினார். முதல் பந்திக்கு ஒரு உலை. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று பார்த்த பிறகுதான் அடுத்த உலைக்குத் தீ. பருப்பும் அப்படியே. அவியல், தேங்காய் போட்ட பொரியலான துவரன் போன்றவற்றில் மட்டும் அது நடக்கவில்லை. முந்தின நாளே நறுக்கிய காய் காத்திருக்காது, மொத்தமாகத்தான் வைக்க வேண்டும்.

இனி அந்த ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். அவரை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அன்றைய தினம்தான்.

பெண் வீட்டார் எங்கள் ஊர்க்காரர்கள். அப்பா ஆடிட்டர் சங்கரலிங்கம், ஒரே பெண். மாப்பிள்ளை வீடு திருநெல்வேலிப் பக்கம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். நல்ல உயரம், கனத்த மீசை, பட்டுச் சட்டை, குரலோ நாகஸ்வரத்தையே அடக்குகிற குரல். மாப்பிள்ளையும் அவரும் நெருங்கிய உறவு சிலரும் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். மற்ற சொந்தபந்தமெல்லாம் கல்யாணத்தன்று காலை இரண்டு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. முந்தின இரவு டிவியில் மறுநாள் ஹர்த்தால், முழு அடைப்பு என்று அறிவித்துவிட்டார்கள்.

கேரளத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். கல்யாண வண்டி, பால் வண்டி, ஆஸ்பத்திரி வண்டிகளை விட்டுவிடுவார்கள் என்பது பேச்சு. ஆனால் பஸ் டிரைவர்கள் இருவரும் எல்லையில் களியக்காவிளையில் இறங்கி நின்றுவிட்டார்கள். கண்ணாடியில் கல் விழுந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? உள்ளூரில் கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் நடந்து வந்தார்கள். மற்றவர்கள் போனிலேயே ஆசீர்வாதத்தை முடித்துக்கொண்டார்கள். முகூர்த்தம் குறித்தபடி தாலி ஏறியது. கூடத்தில் பெரும்பாலும் காலி நாற்காலிகள். பின்கட்டில் முழு ஊருக்குமான அவியலும் துவரனும் சாம்பாரும், ஒரு உலைச் சோறும் தயாராக இருந்தன.

அந்த நேரத்தில் சரோஜம் போன் செய்தாள். எங்கள் மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அன்று வேலைக்கு வரவில்லை. மேடம் போனை என் காதிலும் படும்படி வைத்திருந்தார். "மேடம், இவிடெ ஒரு சாயக்கடைகூடத் துறந்திட்டில்லா. கான்டீன்ல எல்லாம் தீர்ந்து. கூட்டிருக்க வந்தவங்க எல்லாம் பச்சைத் தண்ணியக் குடிச்சுட்டு இருக்காங்க. சின்னப் பிள்ளைகள் கரையுது" என்றாள். ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை, நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்கள் பட்டினி, பிள்ளைகள் அழுகின்றன என்கிறாள்.

மேடம் போனை வைத்தார். அவியல் வார்ப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இலை எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறார், அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து கை நனைக்காமல் சட்டியிலிருந்து ஒரு கரண்டி வெளியே போகக் கூடாது. பெண்ணின் அப்பாகூட அதுவரை பச்சைத் தண்ணீர்தான். அந்த வீட்டாரின் ஆட்கள் இரண்டு பஸ் நிறைய வழியில் நிற்கிறார்கள். அவர்கள் வந்து இறங்கும்போது சட்டி கலைந்திருந்தால், அந்தப் பெண் ஆயுசு முழுக்க மாமியார் ஊரில் கேட்க வேண்டிய பேச்சு அது. ஆடிட்டர் ஓடி வந்தார். "நிர்மலா, என் பொண்ணு வாழப்போற இடம்மா. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே" என்றார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் நீர் நின்றது.

"சார், இது காலையில இறக்கின சோறு. மத்தியானம் உச்சைக்கு மேல இந்தச் சோத்தை நான் யாருக்கும் போடமாட்டேன். உங்க சம்பந்திக்கும் போடமாட்டேன். அப்புறம் குழி வெட்டித்தான் மூடணும்" என்றார் மேடம். சொல்லிவிட்டுப் பெரியப்பாவிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

பெரியப்பா கேட்டுவிட்டுக் கொதித்தார். "என்ன பேசுதிய நீங்க? எங்க ஆளுவ வெயில்ல நடுரோட்டுல நிக்கானுவ. அவனுவளுக்கு வச்சத எடுத்து ஊருக்குக் கொடுத்துட்டு, மிச்சத்தையா எங்களுக்குப் போடுவிய?"

"மிச்சம் போடமாட்டேன் ஐயா. இப்போ போறது ஒரு உலைதான். உங்க ஆளுங்க பாறசாலை தாண்டிட்டோம்னு போன் பண்ணினா வேற உலை வைப்பேன். சுடச்சுட வடிச்சுப் போடறேன். ஆறின சோத்தைச் சம்பந்திக்குப் போட்டா எனக்குத்தான் கொறச்சல்."

"அவியலு?"

மேடம் பொய் சொல்லியிருக்கலாம். "அவியல் இருக்காது ஐயா. கடை எல்லாம் அடைச்சிருக்கு. ஸ்டோர்ல தடியங்காய் இருக்கு, வெள்ளைப் பூசணி. மோர்க்குழம்பு வைக்கலாம். பருப்பு, பப்படம், போளி, பாயசம் இருக்கும். அவ்வளவுதான்."

"அவியல் இல்லாம கல்யாணச் சாப்பாடா? ஊருல போயி என்ன பேசுவானுவ தெரியுமா? நடக்காது பாத்துக்கிடுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் பெரியப்பா.

மேடம் மறுத்துப் பேசவில்லை. "செரி ஐயா. முறைப்படி முதல் இலை உங்களுக்குத்தான். நீங்க சாப்பிடுங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கை நனைச்சுட்டா அந்த முறை முடிஞ்சது. அதுக்கு மேல உள்ளதை அப்புறம் பேசலாம்" என்றார். இதில் மறுக்கப் பெரியப்பாவுக்கு வழியில்லை. முறை என்று பேசியவர் அவர்தானே.

கூடத்தில் நீள வரிசையாக இலைகள் ஏற்கெனவே போட்டிருந்தோம். அவருடைய ஆட்களுக்காகப் போட்டவை. கூட வந்த உறவுகள் தங்கள் ஆட்கள் வரட்டும் என்று ஒதுங்கிவிட, பெரியப்பா மட்டும் நடுவில் போய் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். ஆடிட்டரே பரிமாறினார். உப்பு, இஞ்சிப் பச்சடி, துவரன், அவியல், சோறு, பருப்பு, நெய். எல்லாம் முறையாக விழுந்தது. பெரியப்பா கையை இலைக்குக் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் இலைகள், ஒரு மனிதர் இல்லை. மின்விசிறிக் காற்றில் இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய மனிதர் அந்த வரிசையில் சின்னவராகத் தெரிந்தார்.

சோற்றைத் தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டார். பிறகு, "ஒத்தையில உக்காந்து எப்படிம்மா திங்கது?" என்றார். அந்தக் குரலா இந்தக் குரல் என்று எனக்குத் தோன்றியது. "தொண்டையில எறங்காது. எங்க கொண்டு போணும்? இந்த இலையையும் சேத்துக் கட்டுங்க. நானும் வாரேன்."

பிறகு ஒரு நாள் மேடத்திடம் கேட்டேன், இது இப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் உட்கார வைத்தீர்களா என்று. "சத்தியமா இல்ல அண்ணாச்சி. அவர் சாப்பிட்டு எழுந்தா போதும், பிறகு எப்படியாவது சமாளிக்கலாம்னுதான் நினைச்சேன்" என்றார். பெருமையை வாரிக்கொள்ள வாய்த்த இடத்திலும் அப்படித்தான் பேசுவார்.

அதற்குப் பிறகு மண்டபமே பின்கட்டுக்கு வந்துவிட்டது. இலையை அடுப்புத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. நான் வாட்டினேன். நடந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சோறு, ஓரத்தில் அவியல், துவரன், ஒரு துண்டு ஊறுகாய், மடித்து வாழைநாரால் ஒரு கட்டு. மணப்பெண் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பொதி கட்டினாள். மாமியார் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்தார். சாம்பாரை மூடி போட்ட தூக்குகளில் ஊற்றினோம். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள் கையில் எப்படியும் ஒரு பாத்திரம் இருக்கும், அதில் ஊற்றிக்கொள்ளட்டும் என்றார் மேடம். ஒரு பிளாஸ்டிக் உறைகூட அந்த வண்டியில் ஏறவில்லை.

பெட்டி ஆட்டோவின் முன்னால் 'ஆஸ்பத்திரி உணவு' என்று எழுதி ஒட்டிக்கொண்டு புறப்பட்டோம். நானும் பெரியப்பாவும் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டோம். மேடம் அடுத்த உலைக்காக மண்டபத்திலேயே நின்றுவிட்டார். வழியில் கொடி பிடித்தவர்கள் ஒரு முக்கில் நிறுத்தினார்கள். துணியை விலக்கிப் பார்த்தார்கள். வாசனை அவர்களையும் அடித்திருக்க வேண்டும். "போய்க்கோ, போய்க்கோ" என்று வழிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் சரோஜம் ஜனங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். நான் பொதி கொடுத்துக்கொண்டே போனேன். பெரியப்பா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைலி கட்டிய ஒருவர் பொதியை வாங்கிக்கொண்டு, "சேட்டா, கல்யாணத்தில பாக்கி வந்ததாணோ?" என்று கேட்டார்.

"என்னவே கேக்காரு?" என்றார் பெரியப்பா.

"கல்யாணத்துல மிச்சப்பட்டதான்னு கேக்கார்."

அந்த மனிதரே தொடர்ந்து, பரவாயில்லை, மிச்சமானாலும் போதும் என்று மலையாளத்தில் சொல்லிக் கும்பிட்டார். மொழிபெயர்க்கத் தேவையில்லை, அந்தக் கும்பிடு எல்லா ஊருக்கும் பொது. பெரியப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சாம்பார்த் தூக்கையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, நீட்டிய பாத்திரங்களில் ஊற்ற ஆரம்பித்தார். கடைசி ஆள் வரை கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, பெண்ணின் பேர் என்ன என்று கேட்டாள், பிரார்த்தனை செய்யவாம். நான் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எங்க மருமவ பேரு கோமதி" என்றார். காலையிலிருந்து 'பொண்ணு வீட்டுக்காரங்க' என்றே பேசிக்கொண்டிருந்தவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. போலீஸ் காவலோடு பஸ்கள் புறப்பட்டுவிட்டன என்று போன் வந்து, மேடம் அடுப்பில் உலை ஏற்றியிருந்தார். அவர் முகத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். சொன்ன சொல் அது. சோறு குழைந்தாலும் மோர்க்குழம்பு திரிந்தாலும் பொறுப்பு அவருடையது. கமிட்டிக்காரர் ஒருவர் வாசலிலேயே நின்று, "என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்" என்கிற முகத்தோடு காத்திருந்தார். தவசுப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கொதிக்கும் கரண்டி போட்டு எடுத்து உள்ளங்கையில் சோறு நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார் மேடம்.

பஸ்கள் வந்தன. பசியிலும் புழுதியிலும் இறங்கினவர்களுக்குப் பேச்சே இல்லை, நேராகப் பந்திதான். ஆவி பறக்கிற சோறு இலையில் விழுந்ததும் எல்லாக் கையும் அதில் இறங்கியது. ஆடிட்டர் பப்படத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மேடம் வழக்கமான இடத்தில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். பெரியப்பா, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சோற்று வாளியோடு தன் ஆட்களுக்குத் தானே பரிமாறிக்கொண்டிருந்தார்.

நடு வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை மகன் ஒருவர் இலையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாலு பேர் காதில் விழும்படி, "என்ன மாமா, அவியலக் காணோம்?" என்றார். ஆடிட்டர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். பப்படத் தட்டு சரிந்தது, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அது முதல் பந்தியிலயே தீந்துட்டு" என்றார் பெரியப்பா.

"முதல் பந்தியா? நாங்க வராம முதல் பந்தி யாருக்குப் போட்டிய?"

பெரியப்பா வாளியிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அவர் இலையில் வைத்தார்.

"நம்ம ஆளுவளுக்குத்தான். நீ சாப்பிடு."